ஹெச்யூஐடி இல்லாத பழைய செயினுக்கு 15 சதவீதம் கழிவா?

பழைய 3 சவரன் செயினை மாற்றப் போனால், ஹெச்யூஐடி (ஹால்மார்க் நகையில் பொறிக்கும் தனி அடையாள எண்) இல்லை என்று கடைக்காரர் 15 சதவீதம் கழிக்கிறார் என்கிறீர்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான் ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க ஹெச்யூஐடி இல்லாமல் அவர் விற்கக் கூடாது. நீங்கள் பழசைக் கொடுத்து மாற்றுவதை அந்த விதி தடுக்காது. 2021-இல் நகைக்கடைக்காரர்கள் கடையடைத்து எதிர்த்த விதியே இப்போது கழிவுக்குச் சாக்கு!

கடைக்காரருடைய நிஜமான பயம் மாற்றுக் குறைவு, அதாவது தங்கத்தின் தரம் குறைந்திருப்பது. கைவேலைச் செயினில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்த பொடி (தரம் குறைந்த உலோகக் கலவை) மொத்தத் தரத்தைக் கீழே இழுக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள்: உங்கள் 3 சவரன் 24 கிராம். 916 (91.6 சதவீதம்) என்றால் சுத்தத் தங்கம் 21.98 கிராம். 88 சதவீதம் என்று வந்தாலும் 21.12. குறைவது 4 சதவீதம்கூட இல்லை.

ஒரே கடையோடு முடிக்காதீர்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் கொடுத்துச் சோதித்து, சீட்டு வாங்குங்கள். அங்கே எக்ஸ்ரே கதிரால் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். கொக்கி, கண்ணி, பற்றவைத்த இடம் என மூன்றிலும் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று: அரக்கு அடைத்த குண்டு கோத்திருந்தால் உருக்கியதும் எடை இறங்கும், அதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. கழிவு எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே உருக்கச் சம்மதியுங்கள். உருக்கிவிட்டால் செயின் திரும்பாது.