ஷீட்டில் 2, புரோக்கர் ஆப்பில் 3: டே டிரேடை எப்படி எண்ணுவது?

டல்லாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் மார்ஜின் கணக்கில் (புரோக்கரிடம் கடன் வாங்கியும் டிரேடு செய்யக்கூடிய கணக்கு) 14,000 டாலர் இருக்கிறது. டே டிரேடு, அதாவது ஒரே பங்கை அதே நாளில் வாங்கி விற்பது, மூன்றைத் தாண்டக் கூடாது என்று எக்செல்லில் எண்ணிக்கொண்டே வருகிறேன். போன வாரம் என் ஷீட் 2 என்றது, புரோக்கர் ஆப் 3 என்றது. ஷீட்டை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கென்று நல்ல மென்பொருள் உண்டா?" கூடவே அந்த வாரத்து டிரேடு பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்.

ஷீட்டை நம்பி இன்னொன்று செய்திருந்தால் அது உங்கள் நான்காவது டே டிரேடு. அமெரிக்கப் புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் முன்னோடி அமைப்பான என்ஏஎஸ்டி 2001-ல் கொண்டுவந்த விதிப்படி (இதை மாற்றும் முடிவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்), மார்ஜின் கணக்கில் ஐந்து வர்த்தக நாட்களுக்குள் நான்கு டே டிரேடு நடந்து, அவை அந்த நாட்களின் மொத்த டிரேடுகளில் 6 சதவீதத்தைத் தாண்டினால், கணக்கு 'பேட்டர்ன் டே டிரேடர்' ஆகிவிடும். உங்களைப் போல எப்போதாவது டிரேடு செய்பவருக்கு அந்த 6 சதவீதம் தானாகவே தாண்டிவிடும், அதை நம்பி இருக்க வேண்டாம். குறி விழுந்தால், கணக்கில் 25,000 டாலர் ஈக்விட்டி (கடன் போக உங்கள் சொந்த மதிப்பு) வரும்வரை டே டிரேடு செய்ய முடியாது.

சரி, ஷீட் எங்கே தவறியது? உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். முந்தின நாள் வாங்கிய 40 என்விடியா பங்குகள் கையில் இருக்கின்றன. காலை 8.41-க்கு மேலும் 10 வாங்கினீர்கள். 10.15-க்கு 40 விற்றீர்கள். முதலில் வாங்கியதுதான் முதலில் விற்கிறது என்று ஷீட் எடுத்துக்கொள்கிறது. நேற்றைய 40 போயிற்று, இன்றைய 10 அப்படியே இருக்கிறது, ஆகவே பூஜ்யம். வருமான வரிக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே செல்லாது. இரவு தாண்டிய பங்குக்கு விதியில் விலக்கு உண்டு. ஆனால் அதே பங்கை அன்று புதிதாக வாங்குவதற்கு முன்னால் விற்றிருக்க வேண்டும். நீங்கள் வாங்கிவிட்டு விற்றீர்கள், ஒன்று ஏறிவிட்டது. 8.35-க்கு 40-ஐ விற்றுவிட்டு 8.41-க்கு 10 வாங்கியிருந்தால் ஏறியிருக்காது. எத்தனை பங்கு என்பதைவிட எது முன்னால் நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நான் பார்த்த வீட்டு ஷீட்டுகளில் பெரும்பாலானவை தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஷீட்டை இப்படி மாற்றுங்கள். ஒவ்வொரு பங்கின் அன்றைய டிரேடுகளையும் நேர வரிசையில் அடுக்குங்கள். புதிதாக வாங்குவதற்கு முன் நடந்த பழைய பங்கு விற்பனையை ஒதுக்கிவிடுங்கள். அதன் பிறகு வாங்கலிலிருந்து விற்பனைக்குத் திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணுங்கள். காலையில் 100 வாங்கி, அதை 30, 30, 40 என்று மூன்று தடவையாக விற்றாலும் ஒன்றுதான். விற்ற பிறகு மறுபடி வாங்கி மறுபடி விற்றால் இரண்டு. ஒரே ஆர்டர் துண்டு துண்டாக நிறைவேறி, புரோக்கர் தரும் டிரேடு பட்டியலான சிஎஸ்வி கோப்பில் ஏழு வரியாக வந்தாலும் இந்த முறையில் எண்ணிக்கை குழம்பாது. ஆப்ஷனில் ஸ்டிரைக்கோ (ஒப்பந்த விலை) எக்ஸ்பைரியோ (முடியும் தேதி) மாறினால் அதைத் தனிப் பங்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேதி. ஐந்து நாள் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை இல்லை, நாளோடு நகர்ந்துகொண்டே போவது. இன்று வியாழன் என்றால் போன வெள்ளியும் உள்ளே வரும். எக்செல்லின் வொர்க்டே ஃபங்ஷனில் இன்றைய தேதியிலிருந்து நான்கு நாள் பின்னால் போகச் சொல்லி, சந்தை விடுமுறைப் பட்டியலையும் கொடுங்கள். தேங்ஸ்கிவிங் வியாழன் கணக்கில் வராது; மறுநாள் வெள்ளி அரை நாள்தான் என்றாலும் வரும். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) தரும் கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் உங்கள் ஊர் மாலை 6.30-க்கு நடக்கும் ஆஃப்டர் ஹவர்ஸ் டிரேடு (சந்தை மூடிய பின் நடப்பது), யூடிசியில் மறுநாள் தேதியோடு வந்து நிற்கும். நியூயார்க் நேரத்துக்கு மாற்றிய பிறகே எண்ணுங்கள்.

மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ராபின்ஹுட், இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த எண்ணிக்கையைத் தங்கள் ஆப்பிலேயே காட்டி வந்திருக்கின்றன. கடைசியில் செல்லுபடியாவது உங்கள் புரோக்கரின் எண்தான், ஷீட் அதைச் சரிபார்க்க மட்டும். வெளி மென்பொருள் வாங்கியே தீருவேன் என்றால் சிஎஸ்வி கோப்பைப் படிப்பதாக வாங்குங்கள். புரோக்கர் பாஸ்வேர்டைக் கேட்கும் எதையும் தயவுசெய்து தொடாதீர்கள். ஆர்டர் போடும் உரிமை வேறொருவர் கைக்குப் போவதைவிட நான்காவது டே டிரேடு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. இந்த எண்ணிக்கை முறையை விட்டுவிட்டு, வர்த்தகம் நடக்கும்போதே கணக்கில் இருக்க வேண்டிய மார்ஜின் (ஈட்டுத் தொகை) அளவை வைத்து நடத்தும் மாற்றத்துக்கு ஃபின்ரா ஆட்சிக்குழு 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. எனவே உங்கள் கணக்கு எந்த விதியில் ஓடுகிறது என்று புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான்கு, ஐந்து, 25,000 ஆகிய மூன்றையும் ஃபார்முலாவுக்குள் புதைக்காமல் தனிக் கட்டங்களில் வையுங்கள், பிறகு மாற்ற எளிது.

இன்று இரவே அந்தச் செவ்வாய்க்கிழமை டிரேடுகளைப் புதிய ஷீட்டில் போட்டுப் பாருங்கள். வாரக் கூட்டல் 3 வந்தால் ஷீட் சரியாகிவிட்டது. வராவிட்டால் கோப்பை மறுபடி அனுப்புங்கள், வரி வரியாகப் பார்க்கிறேன்.