வெறும் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு

கேள்வி: அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் பக்கம், எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக நம்ம மாவட்டத்து மழைமானி நிலையங்களின் 15 வருஷக் கணக்கை லேப் கம்ப்யூட்டரில் பாண்டாஸ் (பைதான் மொழியில் அட்டவணைக் கணக்குப் போடும் மென்பொருள்) வைத்து மாதவாரியாகக் கூட்டினேன். ஏப்ரல், மே மாதங்களில்கூட 10, 11, 12 தேதிகளில் மட்டும் கொட்டோ கொட்டென்று மழை காட்டுகிறது. மலைமேல் இருக்கிற ஒரு நிலையத்தில் ஒரு வருஷம் நவம்பர் முழுக்க மழை 0. கைடு நம்பவில்லை. கோளாறு எங்கே?

பதில்: உங்கள் கைடு நம்பாதது ரொம்ப நல்லது தங்கச்சி. இதில் இரண்டு கோளாறு இருக்கிறது.

முதலில் தேதி. நாம் 05/11 என்று எழுதினால் நவம்பர் 5. பாண்டாஸ் அதை மே 11 என்று படிக்கும், ஏனென்றால் மாதம்தான் முதலில் வரும் என்பது அதன் வழக்கம். அப்படி நவம்பரின் முதல் 12 நாள் மழையும் ஒவ்வொரு மாதத்து 11-ஆம் தேதிக்குப் போய் உட்கார்ந்துவிடும். அதேபோல அக்டோபர் மழை 10-ஆம் தேதிகளுக்கு, டிசம்பர் மழை 12-க்கு. 12-க்கு மேல் மாதம் கிடையாது என்பதால் 13 முதலான நாட்களை மட்டும் சரியாகப் படித்திருக்கும், அதனால்தான் கோளாறு பளிச்சென்று தெரியவில்லை. லேப்பில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும். 2023-இல் வந்த 2.0-க்கு முன்பு இப்படிச் சத்தமில்லாமல் மாற்றிப் படித்துவிடும். ஃபைலைப் படிக்கும்போதே 'டேஃபர்ஸ்ட்' (dayfirst, நாள்தான் முதலில்) என்பதை 'ட்ரூ' (True) என்று கொடுங்கள், இந்தக் கோளாறு தீர்ந்தது.

அடுத்தது அந்த நவம்பர். இதுதான் என் மனசை உறுத்துகிற விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பதிவேட்டில் 0 என்று எழுதியிருந்தால் ஒருவர் காலை 8.30 மணிக்குப் போய் மானியைப் பார்த்தார், தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கட்டம் வெறுமனே கிடந்தால் யாரும் பார்க்கவில்லை, இல்லை பார்த்தது எழுதப்படவில்லை. அந்த வெறும் கட்டத்தைப் பாண்டாஸ் 'நான்' (NaN, எண் இல்லை) என்று குறித்து வைக்கும், சராசரி எடுக்கும்போது விட்டுவிடும், அதுவரை சரி. ஆனால் 30 கட்டமும் வெறுமையாக இருக்கிற ஒரு மாதத்தைக் கூட்டச் சொன்னால் 0 என்று விடை கொடுக்கும். மழை அடித்துப் பாதை துண்டித்து, மேலே போய் அளக்க ஆள் இல்லாமல் போன மாதமாகக்கூட அது இருக்கலாம். உங்கள் படத்தில் அது வறட்சியாக வந்து நிற்கும். கூட்டும் இடத்தில் 'மின் கவுண்ட்' (min_count, குறைந்தது எத்தனை எண் இருந்தால் கூட்டலாம் என்பது) 1 என்று கொடுத்தால் அந்த மாதம் வெறுமையாகவே வரும். ஒரு வருஷம் இதைக் கவனிக்காமல் நான் போட்ட படத்தைப் பார்த்த ஒரு பிசான நெல் விவசாயி, "அந்த வருஷம் ஆத்துல ரெண்டு கரையும் முட்டிப் போச்சே" என்று சொல்லித்தான் நான் பதிவேட்டுக்குத் திரும்பிப் போனேன்.

இன்னொன்று. பெரிய எண்ணைப் பார்த்து எழுத்துப் பிழை என்று தூக்கிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது நிஜம். அது 18-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும், காலை 8.30 வரைக்குமான 24 மணி நேரத்தை அன்றைய தேதியில்தான் எழுதுவார்கள். 17-ஆம் தேதி பெய்த மழையைக் காணோமே என்று தேட வேண்டாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். மேட்பிளாட்லிப்பில் (பைதானில் வரைபடம் போடும் மென்பொருள்) போடும் படத்துக்கு 'நெல்லை' என்று தலைப்பு கொடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. தமிழ் எழுத்துரு போட்டதும் எழுத்து வந்தது, ஆனால் ஒற்றைக்கொம்பு 'ந'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பதில்: டீச்சர், நீங்கள் எடுத்த சொல்லே சரியான சோதனை. கட்டம் வந்ததற்குக் காரணம், அதன் சொந்த எழுத்துருவான டேஜாவூ சான்ஸில் தமிழ் இல்லை. அடுத்த சிக்கல் வேறு. கொம்பை நாம் எழுதும்போது முன்னால் போடுகிறோம், யூனிகோடில் அது 'ந'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையைத் தனியாக ஒரு பகுதி செய்ய வேண்டும், அது இல்லாத இடத்தில் சேமித்த வரிசையிலேயே எழுத்து நிற்கும். 'லை'யிலும் அதே கதைதான். நான் செய்வது இது: படத்தை எஸ்.வி.ஜி. (SVG) என்ற பட வடிவில் சேமிக்கிறேன், அமைப்பில் 'எஸ்.வி.ஜி. ஃபான்ட்டைப்' (svg.fonttype) என்பதை 'நன்' (none) என்று வைத்துவிடுகிறேன். எழுத்து எழுத்தாகவே ஃபைலில் இருக்கும், பிரவுசரிலோ இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளிலோ திறந்தால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து பி.டி.எஃப். எடுத்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் தலைப்பு வைத்துவிடலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வள்ளியூர். மகனை டேட்டா சயின்ஸ் பயிற்சியில் சேர்க்கப் போனால், பயிற்சிக் கட்டணம் போக பாண்டாஸ், மேட்பிளாட்லிப் 'லைசென்ஸ்' என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம் ஐயா. இரண்டுமே யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், தொழிலுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் இருப்பவை. மேட்பிளாட்லிப்பை எழுதிய ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக ஆரம்பித்து 2003-இல் வெளியிட்டார். 44 வயதில், 2012-இல் இறந்துபோனார், வேலையைப் பலர் சேர்ந்து இன்றுவரை தொடர்கிறார்கள். 2019-இல் உலகம் பார்த்த அந்தக் கருந்துளைப் படத்துக்கான வேலையிலும் இது இருந்தது. சொல்லிக்கொடுப்பவருக்கு உழைப்புக் கூலி நியாயம், அதைக் கொடுங்கள். ரசீதில் 'லைசென்ஸ்' என்ற வரியை அடித்துத் தரச் சொல்லிவிட்டு மீதியைக் கட்டுங்கள். அடிக்க மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.