ரத்த வகையும் வயிற்றுப் புண்ணும்: கேள்வி பதில்

ரங்கூனில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பர்மாவின் பல ஊர்களிலிருந்து நம் மக்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே (பெகு): அண்ணே, எனக்கு ஏ வகை. ஏ வகைக்கு வயிற்றில் புற்றுநோய் வருமாமே?

ப: பயப்படாதே தங்கச்சி. அயர்ட் என்ற அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் 1953இல் இங்கிலாந்தில் கண்டது அது. பிற்கால ஆய்வுகளிலும் ஏ வகைக்கு ஏறக்குறைய 20% கூடுதல் என்றே வந்தது. மற்றவர்களில் பத்துப் பேருக்கு வரும் இடத்தில் ஏ வகையில் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். உப்பில் ஊறிய மீன் விழுதான ஙப்பியையும் கருவாட்டையும் தினம் சாப்பிடுவதைக் குறைத்தால் அதைவிடப் பலன் உண்டு.

கே (மோல்மேன்): ஓ வகைக்கு அல்சர் அதிகம் என்கிறார்களே, ஏன்?

ப: அல்சருக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்த வகை பார்க்கக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, நீல நிற மருந்தைக் கலப்போம். ஏ வகை என்றால் பால் திரிந்தது போலக் கட்டி கட்டியாகும். ரத்த அணுக்களின் மேல் இருந்து அந்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைச் சங்கிலி இரைப்பையின் உள்தோலிலும் இருக்கிறது. கிருமி பிடித்துக்கொள்வது அதைத்தான். ஏ வகையில் சங்கிலி நுனியில் இன்னொரு சர்க்கரை உண்டு, ஓ வகையில் நுனி காலி. இந்தக் கிருமியிலேயே சில ரகம் காலி நுனியை மட்டும் பிடிக்கும், பல ரகம் இரண்டையும் பிடிக்கும். அதோடு ஓ வகைக்காரர்களுக்கு ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் கால் பங்கு குறைவு. புண் வந்தால் ரத்தம் கசிவதும் அதிகம்.

கே (ரங்கூன்): நானும் ஓ வகை. முதுகுவலிக்குக் கடையில் கலந்து கொடுக்கும் பொட்டலம் சாப்பிடுகிறேன், நெஞ்செரிகிறது.

ப: அக்கா, அதைத் தொடர்ந்து சாப்பிடுவது ஆபத்து. வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று ஐந்தாறு மாத்திரை, பெயர் ஒன்றிலும் இல்லை. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் அபாயம் மிக அதிகம், எந்த வகை ரத்தமானாலும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, அதனால் பொட்டலத்தோடு இன்றே டாக்டரிடம் போங்கள்.

கே (தட்டோன்): ரத்த வகைப்படி சாப்பிட வேண்டுமா?

ப: வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை.

கே (மாந்தலே): கிருமி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ப: மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஆண்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கே (ரங்கூன்): எப்போது உடனே ஓட வேண்டும்?

ப: மலம் தார் மாதிரிக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால். முதல் இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி. ரத்த வகை எழுதிய அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி பார்ப்பார்கள், ஆனால் ரத்தம் கொடுக்கச் சொந்தத்தில் யாரை வரச் சொல்வது என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.