பல் பிடுங்கும்போது நோயாளிக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் பல் மருத்துவர் என்ன செய்வார்?

கேட்டவர் தன் அப்பாவுக்குச் சர்க்கரையும் இதயக் கோளாறும் இருக்கிறது, நாற்காலியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் பல் மருத்துவரால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான பயம்தான். நான் பல் மருத்துவன், என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த முதல் வருடம், நல்ல வாட்டசாட்டமான இளைஞர் ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு முடித்தேன். அடுத்த நிமிடம் முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டி, கண் செருகிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நாற்காலியைத் தட்டையாக்கி, காலை உயர்த்திப் பிடித்து, ஆக்சிஜன் கொண்டுவரச் சொன்னேன். சிலிண்டர் வந்தது, அதைத் திறக்கும் ஸ்பேனர் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் டிராயர் டிராயராகத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்து "முடிஞ்சிருச்சா டாக்டர்?" என்று கேட்டார். இப்போது அந்த ஸ்பேனர் சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டித் தொங்குகிறது.

நான் பார்த்தவரை இந்த நேரங்களில் தடுமாறுவது அறிவு இல்லாததால் இல்லை, யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காததால்தான். இப்போது எங்கள் கிளினிக்கில் ஒருவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது, ஒருவர் அவசர மருந்துப் பெட்டியையும் ஆக்சிஜனையும் எடுத்துவர வேண்டும், ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டு, செய்தாயிற்று என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் யாருமே பண்ண மாட்டார்கள்.

பல் நாற்காலியில் அதிகம் நடப்பது சாதாரண மயக்கம்தான். பயம், ஊசி, வலி, காலையில் சாப்பிடாமல் வந்தது, எல்லாம் சேர்ந்து வரும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் அது வேறு ஏதோ என்று அர்த்தம், உடனே மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணி என்றால் மட்டும் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்போம், மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும்.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளியிடம் அந்த நேரத்தில் நான் பயப்படுவது சர்க்கரை ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்கு. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையைக் குத்திப் பார்ப்போம். 70க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்போம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி போட வேண்டும். வலிப்பு வந்தாலும் அப்படித்தான், வாயில் இருக்கும் கருவிகளை எடுக்கலாமே தவிர எதையும் திணிக்கக் கூடாது.

இதயம் என்று வரும்போது ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் போடும் ஊசி மருந்தில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், வழக்கமாக 80,000இல் ஒரு பங்கு அல்லது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இதைத்தான் பலர் "எனக்கு ஊசி அலர்ஜி" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெயினுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். அபூர்வமாக எந்த மருந்துக்காவது அப்படி வந்து, முகம் வீங்கி மூச்சு திணறினால் தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட வேண்டும், குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. அந்த நேரத்தில் அலர்ஜி மாத்திரையைத் தேடுவது வீண்.

நெஞ்சுவலி என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, சாய்ந்து உட்கார வைத்து, நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைப்போம், ரத்தக் குழாயை விரித்து நெஞ்சுவலியைக் குறைக்கும் மருந்து அது. வலி விடாமல் மாரடைப்பு மாதிரி தெரிந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வோம். ஆனால் நைட்ரோகிளிசரினுக்கு முன்னால் ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்தாரா என்று தெரிந்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மனைவி மகன் முன்னால் யார் இதைச் சொல்வார்கள்? அதனால் முதல் நாளே கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மருந்து விவரம் கேட்பேன். உங்கள் அப்பாவிடம் கேட்கும்போதும் நீங்கள் எழுந்து போய்விடுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதயம் நின்றுபோய் நெஞ்சை அழுத்தும் நிலை எனக்கு இதுவரை வந்ததில்லை, ஒத்திகை மட்டும் பார்ப்போம். 30 அழுத்தம், 2 மூச்சு. பல் நாற்காலி அழுத்தும்போது கீழே மேலே ஆடும், முதுகுப் பகுதிக்கு அடியில் ஸ்டூலை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை ஒத்திகை பார்த்த பிறகுதான் எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

அப்பாவைக் காலையில், சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். அவர் போடும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நைட்ரோகிளிசரின் வைத்திருந்தால் அது வீட்டு அலமாரியில் இல்லாமல் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.