தொல்லியலில் மாஸ்டர்ஸ் செய்தால் வேலை வருமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, யாழ்ப்பாணக் கம்பஸில வரலாறு முடிச்சிட்டு வேலை இல்லாம நிக்கிறன். சும்மா இருக்கிற நேரத்தில தொல்லியல் மாஸ்டர்ஸ் செய்தா அரச வேலைக்கு முன்னுக்கு நிக்கலாமா?

பதில்: எந்த வேலை என்று முதலில் முடிவெடுங்கள், தங்கச்சி. அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கும் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கும் பார்ப்பது முதல் பட்டத்தைத்தான். ஆசிரியர் சேவைதான் நோக்கம் என்றால் தொல்லியல் மாஸ்டர்ஸை விடக் கல்வியியல் டிப்ளோமா உடனடியாக உதவும். தொல்லியல் முதுமாணிக்கு உண்மையான பெறுமதி பல்கலைக்கழகம், தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், நிதியோடு நடக்கும் ஆய்வுத் திட்டங்கள் ஆகியவற்றில்தான். இடங்கள் மிகக் குறைவு. வேலை வரும்வரை நேரத்தைப் போக்குவதற்காக இதற்குக் காசு கட்டாதீர்கள்.

கட்டுவதென்றால், பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா மாஸ்டர்ஸும் ஒன்றல்ல. பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியோடு மட்டும் முடியும் முதுமாணி (மாஸ்டர்ஸ்) 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வேட்டோடு கூடியது 10ஆம் மட்டம், குறைந்தது 60 கிரெடிட். விரிவுரையாளராக வர நினைப்பவருக்கு ஆய்வேடு உள்ளதுதான் வேண்டும். ஒரு வருடத்தில் முடிகிறது என்று 9ஆம் மட்டத்தை எடுத்துவிட்டுப் பிறகு இன்னொன்று செய்யவேண்டி வந்தால் காசும் காலமும் இரட்டிப்பு. மட்டம் எது, கிரெடிட் எத்தனை, ஆய்வேடு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி (வவுனியா): வீட்டை விட்டுத் தூரம் போகேலாது. வவுனியாவில படிக்கலாமா அண்ணை?

பதில்: முடியாது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகியவையே அங்குள்ள பீடங்கள். தொல்லியலுக்கென்றே இருப்பது களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1986இல் தொடங்கிய பட்டப்பின் தொல்லியல் நிறுவனம், கொழும்பு 7இல். அங்கே தமிழ்மொழிமூலத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதவும் சிங்களத்தில் கதைக்கவும் இப்போதே பழகத் தொடங்குங்கள். திணைக்கள வேலைக்கும் அது கட்டாயம் கைகொடுக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு): ஆய்வேட்டுக்கு எங்கட பக்கத்துக் குளங்களை எடுக்க யோசிக்கிறன். எங்கயிருந்து தொடங்கலாம்?

பதில்: நல்ல தெரிவு, தம்பி. இரணைமடுவைச் சூழ்ந்த சரளை மண்படையின் கற்கருவிகளைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பூநகரியைப் பேராசிரியர் புஷ்பரட்ணம் ஆராய்ந்தார். மன்னாருக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையில் 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் காஸ்வெலின் குழு தோண்டியதை யுத்தம் நிறுத்தியது. முழு அறிக்கை 2013இல்தான் அச்சேறியது. இவற்றுக்கு நடுவே முறையாகப் பதிவாகாத குளங்கள் இன்னும் நிறைய.

தோண்டுவதற்குத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதில் தெளிவு. முதுமாணிக்கு, தோண்டாமல் நிலத்தின் மேலே கிடப்பதைப் பதியும் மேற்பரப்பாய்வே போதும். ஆனாலும் மட்பாண்ட ஓட்டுத்துண்டு எடுத்துக்கொண்டு போவதற்கு முன் மேற்பார்வையாளர் மூலம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்பதை மாவட்டச் செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம்.

காலம் ஆகஸ்ட், செப்டெம்பர். குளம் வற்றி அடித்தரை தெரியும். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் வேலை முடிந்தது. ஆட்களை 10 மீற்றர் இடைவெளியில் வரிசையாக நடக்கவிட்டு, ஓடு கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் ஜீபிஎஸ்ஸில் குறியுங்கள். பைக்குள் ஒரு லேபல், வெளியே ஒரு லேபல். வெயிலில் மார்க்கர் மை மங்கிவிடும், உள்ளே போடுவதைப் பென்சிலால் எழுதுங்கள்.

இந்த ஆய்வுகள் பிழைக்கும் முக்கியமான இடம் குளக்கட்டு. கட்டில் மிகப் பழைய காலத்துக் கறுப்பு–சிவப்பு மட்பாண்ட ஓடு கிடைத்தவுடன் குளத்துக்கே அந்த வயதைக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டு மண் வேறெங்கோ வெட்டிக் கொட்டியது. ஓடும் அதோடு வந்திருக்கும். திருத்த வேலையில் புல்டோசர் புரட்டிய மண்ணும் யுத்தகால மண் அணைகளும் இதே குழப்பத்தைத் தரும். அந்த மண் எங்கே வெட்டப்பட்டது என்று ஊரில் வயதானவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். என்னைக் கேட்டால், ஆய்வேட்டின் பெறுமதியே அந்த ஒரு வரைபடத்தில்தான் இருக்கிறது.

பிறகு அனுமதியோடு தோண்டும் திட்டமொன்றில் சேர்ந்தால், காலத்தைக் கணிக்க எடுக்கும் கரிமாதிரியைக் கையால் தொடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பாலை, முதிரை போன்ற நீண்டகால மரத்தின் உள்வைரப் பகுதிக் கரி, அடுப்பு எரிந்த காலத்தை விட நூறு வருடம் பழையதாகக் காட்டக்கூடும். கருகிய நெல்மணி கிடைத்தால் அதை அனுப்புங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஒரு தகப்பன்): தொல்பொருள் எண்டாலே காணி பிடிக்க வாற ஆக்கள் எண்டுதான் ஊரில பயம். பிள்ளையை இதுக்கு விடலாமோ?

பதில்: ஐயா, அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல, முல்லைத்தீவின் குருந்தூர்மலைத் தொல்லியல் இட விவகாரம் நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பிள்ளையை விடுங்கள் என்கிறேன். ஒரு இடத்தின் எல்லை வர்த்தமானியில் வரும்போது அளவைப் படத்தை வாசித்து, எந்தத் துண்டில் சான்று இருக்கிறது, எதில் இல்லை என்று ஆதாரத்தோடு எழுதக்கூடியவர் ஊருக்குள் இருக்கவேண்டும். சட்டம் தொல்பொருள் என்று எதைச் சொல்கிறது, 1815 மார்ச் 2க்கு முந்தியவை என்ற எல்லை அதில் ஏன் வருகிறது என்று தெரியாமல் ஆட்சேபனை எழுதினால் அது நிற்காது.

கேள்வி (மன்னார்): புதைகுழி அகழ்வுகளில தொல்லியல் படிச்ச ஆக்களுக்கு இடமிருக்கா?

பதில்: இருக்கிறது, ஆனால் நிரந்தரப் பதவியாக அல்ல. மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளும், 2023இல் நீர்க்குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட முல்லைத்தீவு கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியில் 52உம் நீதிமன்ற மேற்பார்வையில் எடுக்கப்பட்டன. இரண்டிலும் சட்ட வைத்தியர்களோடு தொல்லியலாளரும் வேலை செய்தார். எலும்பு எந்த மண்படையில், எந்தக் கிடையில், எந்த உடுப்போடு கிடந்தது என்பது எடுத்த பிறகு திரும்பக் கிடைக்காது. படம், அளவு, உயரம் மூன்றும் எடுக்க முன்னமே பதிவாகவேண்டும். அண்மைய நூற்றாண்டுகளுக்குக் கரிமக் காலக்கணிப்பு துல்லியம் குறைந்தது என்பதால் இந்தப் பதிவின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. உறவுகளைத் தேடும் குடும்பங்கள் காத்திருக்கிற வேலை இது. மனித எலும்பியல் பாடமுள்ள பாடநெறியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (மாங்குளம்): லண்டன் போய்ச் செய்தா?

பதில்: ஒரு வருடத்தில் அந்நாட்டுக் கணக்கில் 180 கிரெடிட், படிப்புத் தரமானது. ஆனால் 2025 ஜூலை முதல் அங்கே திறன் தொழிலாளர் விசாவின் பொதுச் சம்பள எல்லை 41,700 பவுண். களத் தொல்லியலாளரின் தொடக்கச் சம்பளம் அதற்கு மிகக் கீழே. கடன்பட்டுப் போக வேண்டாம். முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போங்கள்.

கேள்வி (செட்டிகுளம்): மாஸ்டர்ஸுக்கு இப்ப வசதியில்லை. அதுவரைக்கும் என்ன பழகலாம்?

பதில்: வரைபடம் வரையும் மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) இலவசம், சாதாரண லப்டொப்பில் ஓடும். உங்கள் கிராம அலுவலர் பிரிவின் குளங்களை அதில் வரையுங்கள். மட்பாண்ட விளிம்பை 1:1 அளவில் கீறப் பழகுங்கள். விளிம்புத் துண்டிலிருந்து பானையின் விட்டம் கணிக்கத் தெரிந்தவரை எந்த அகழ்வுக் குழுவும் விரும்பும். பழைய கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை வாசிக்கப் பழகுங்கள். திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது கையில் காட்ட இரண்டு வரைபடமும் பத்து ஓட்டுப் படமும் இருந்தால், வெறும் சான்றிதழோடு வருபவரை விட உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.