இஃப் பாதிக்குள் வில் நுழைவது ஏன்?

அன்புள்ள ஐயா,

கேரள எல்லையோரம் உள்ள புளியரையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். சிலர் வீட்டில் அம்மா மலையாளம், அப்பா தமிழ். ‘இப்படி நடந்தால் அப்படி’ என்று சொல்லும் கண்டிஷனல் (நிபந்தனை வாக்கியப்) பாடத்தில் கோடிட்ட இடத்தை எல்லோரும் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். வாயைத் திறந்தால் மட்டும் “இஃப் இட் வில் ரெயின்” என்கிறார்கள். கலெக்டரானால் என்ன செய்வாய் என்று கேட்டால் “இஃப் ஐ ஆம் கலெக்டர், ஐ வில்” என்று தொடங்குகிறார்கள். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தும் பலனில்லை. எப்படிப் பழக்குவது?

ஓர் ஆசிரியை, புளியரை

அன்புள்ள டீச்சர்,

கோளாறு அந்தக் கோடிட்ட இடத்திலேயே இருக்கிறது. முன்பாதியில் ‘இஃப் ஐ வேர்’ என்று அச்சிட்டிருந்தால், பின்பாதிக்கு ‘வுட்’ என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அர்த்தத்தைத் தொடாமலே பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பேசும்போது அப்படிக் காட்டிக்கொடுக்க ஒன்றும் கிடையாது. அதனால் இரண்டு பாதியிலும் வினைச்சொல்லை எடுத்துவிடுங்கள். நிலைமையைத் தமிழில் சொல்லுங்கள். முழு வாக்கியத்தையும் பிள்ளையே கட்டட்டும்.

நாளைய மழை எதிர்காலம், எதிர்காலத்துக்கு வில் என்று படித்திருக்கிறார்கள். அதனால்தான் இஃப் பாதியிலும் வில்லைப் போடுகிறார்கள். அந்தப் பாதியில் எதிர்காலச் செய்தியும் நிகழ்கால உருவில்தான் நிற்கும் என்ற விதி அவர்களுக்குத் தெரியும். ஆனால் நாக்குக்குப் பழகவில்லை. அதற்குச் சங்கிலிப் பயிற்சியைவிட நல்லதை நான் அறியேன். ஐந்தாறு பேரை வட்டமாக உட்கார வையுங்கள். குற்றாலச் சீசன் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம், அதையே எடுத்துக்கொள்ளலாம். முதல் பிள்ளை: “இஃப் இட் ரெயின்ஸ் இன் தி ஹில்ஸ், தி வாட்டர் வில் ரைஸ்.” அடுத்தது அந்த முடிவையே நிபந்தனையாக்க வேண்டும்: “இஃப் தி வாட்டர் ரைஸஸ், தி போலீஸ் வில் ஸ்டாப் தி பேதிங்.” மூன்றாவது: “இஃப் தி போலீஸ் ஸ்டாப் தி பேதிங், தி டூரிஸ்ட்ஸ் வில் கோ பேக்.” ஒவ்வொரு முறையும் முன்னவர் சொன்ன ‘வில் ரைஸ்’ என்பதிலிருந்து வில்லைக் கழற்றி, ‘ரைஸஸ்’ என்று மாற்றியாக வேண்டும். எந்த இடத்தில் தவறு வருகிறதோ அந்த இடத்துக்கே பயிற்சி கிடைக்கிறது. வில் ஒட்டிக்கொண்டு வந்தால் நடுவில் நிறுத்தாதீர்கள். வாக்கியம் முடிந்ததும் அதை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். எட்டுப் பேருக்கு மேல் போனால் பாதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும்.

இந்த முதல் வகை வந்ததும், முடிந்துபோனதை மாற்றி நினைத்துச் சொல்லும் மூன்றாம் வகைக்குப் போங்கள், இரண்டாவதற்கு அல்ல. புத்தகம் மூன்றாவதைக் கடைசியில் வைக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே வாயில் இருக்கிறது: ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்.’ ‘இருந்தால்’ நிற்கும் இடத்தில் ஹேட், ‘இருப்பேன்’ நிற்கும் இடத்தில் வுட் ஹேவ். மலையாளம் பேசும் பிள்ளைக்கு ‘வந்நிருந்நெங்கில் கண்டேனே’ என்று சொல்லிக்காட்டுங்கள். நடக்காமல் போனதைச் சொல்ல அங்கே தனி உருவமே உண்டு. அதே சங்கிலியைத் திருப்பிப் போடலாம்: “இஃப் இட் ஹேட் நாட் ரெயின்ட், தி வாட்டர் வுட் நாட் ஹேவ் ரிஸன். இஃப் தி வாட்டர் ஹேட் நாட் ரிஸன்…” இங்கே வேறு இடத்தில் சறுக்கும். வினையின் மூன்றாம் உருவம் தெரியாமல் ‘ஹேட் வென்ட்’, ‘ஹேட் ரோஸ்’ என்பார்கள். சங்கிலிக்கு முன்பே இருபது வினைகளை கோ, வென்ட், கான் என்று ஒப்பிக்க வைத்துவிடுங்கள். ஹேட், வுட் இரண்டும் பேச்சில் ஒரே ‘ட்’ ஆகக் குறுகிவிடும் என்பதால், குறுக்கிச் சொல்வதை முதல் மாதம் அனுமதிக்க வேண்டாம். அனுமதித்தால் இஃப் பாதிக்குள் வுட் புகுந்துவிடும்.

உண்மையான கஷ்டம், இப்போது இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசும் இரண்டாம் வகைதான். தமிழில் ‘என்னிடம் பேனா இருந்தால்’ என்பது, இருக்கிறதா என்று பார்க்கும் முன்பும் அதேதான், இல்லை என்று தெரிந்த பின்பும் அதேதான். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. எனவே ஜியாமெட்ரி பாக்ஸை மூடி வைத்துப் பழக்குங்கள். திறக்கும் முன்: “இஃப் ஐ ஹேவ் எ ரெட் பென், ஐ வில் கிவ் இட் டு யூ.” திறந்து, இல்லையென்று கண்ட பின்: “இஃப் ஐ ஹேட் எ ரெட் பென், ஐ வுட் கிவ் இட் டு யூ.” கையில் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே ஹேட் வர வேண்டும். இந்த ஹேட் இறந்தகாலத்தைக் குறிக்கவில்லை, இல்லாமையைக் குறிக்கிறது என்பது பெட்டியைத் திறந்து மூடும்போது தானாகப் பிடிபடும்.

கலெக்டர் கேள்வியை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். நிஜமாகவே கலெக்டராக நினைக்கும் பிள்ளை “இஃப் ஐ பிகம் எ கலெக்டர், ஐ வில்” என்றால் அது சரியான ஆங்கிலம். அதைத் தவறென்று அடித்தால் குழம்பிப்போகும். ‘இஃப் ஐ ஆம் கலெக்டர்’ என்பதுதான் தவறு. இந்த வகைக்கு நடக்கவே முடியாத ஒன்றைக் கேளுங்கள், ‘நீ குரங்காக இருந்தால்’ என்பது போல. அங்கே வில் சொல்லக் காரணமே இருக்காது. ஐ, ஹீ, ஷீ எல்லாவற்றுக்கும் ‘வேர்’ எழுதப் பழக்குங்கள். பேச்சில் ‘வாஸ்’ உண்டு, ஆனால் பரீட்சைத் தாளில் ‘வேர்’ எழுதுவதே பாதுகாப்பு.

நன்றாகப் பேசுகிற பிள்ளைகளுக்கு ஒரு கலப்பு வாக்கியம் கொடுக்கலாம். திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. “இஃப் செங்கோட்டை ஹேட் நாட் ஜாய்ண்ட் மெட்ராஸ் ஸ்டேட் இன் 1956, இட் வுட் பி இன் கேரளா டுடே.” காரணம் அன்றைக்கு, விளைவு இன்றைக்கு, அதனால் முன்பாதி மூன்றாம் வகை, பின்பாதி இரண்டாம் வகை.

‘பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும்’ என்கிற ஜீரோ வகைக்கு ஒரு நாள் போதும். வகை எண்களைப் பரீட்சைக்கு முந்தைய வாரம் சொன்னால் போதும்.

‘அன்லெஸ்’ வரும்போது மட்டும் கவனியுங்கள். அதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. “அன்லெஸ் யூ டோன்ட் கம்” என்று எழுதும் பிள்ளையிடம், அதே வாக்கியத்தை “இஃப் யூ டோன்ட் கம்” என்று மாற்றி எழுதச் சொல்லி, பிறகு ‘இஃப்’, ‘டோன்ட்’ இரண்டையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு ‘அன்லெஸ்’ போடச் சொல்லுங்கள்.