நிலநடுக்கத்தில் நின்ற சிப் ஆலை: கேள்வி பதில்

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில், ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில் உள்ள ரெனேசாஸ் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் நாகா ஆலையில் உற்பத்தி ஜூன் 1 வரை நின்றுபோனது. அதுபற்றி உறுப்பினர்கள் கேட்டதற்கு, செமிகண்டக்டர் துறை நண்பரின் பதில்கள்.

கே: சார், கட்டடம் இடியவில்லையே, பிறகு ஏன் அத்தனை நாள்?

ப: கட்டடம் நின்றால் போதுமா? சிப் உருவாவது தூசியே இல்லாத கிளீன்ரூமில். கூரைப் பலகையும் குழாயும் உடைந்தால் அறை முழுக்க மறுபடி சுத்தம் செய்யவேண்டும். அதைவிட வில்லங்கம் லித்தோகிராபி கருவிகள். வேஃபர், அதாவது சிப் உருவாகும் மெல்லிய சிலிக்கான் வட்டு, அதன் மேல் நானோமீட்டர் கணக்கில் கோடு போடுபவை. துளி நகர்ந்திருந்தாலும் ஒவ்வொன்றையும் அளந்து, திருத்தி, சோதனை வேஃபர் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பலாம். நடுவில் பெரிய பின்னதிர்வு வந்தால் அளவெடுப்பு திரும்பவும் முதலிலிருந்து.

கே: ஒரு ஆலைக்காகக் கார் கம்பெனிகள் ஏன் பதறின?

ப: கார்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர்களில், அதாவது எஞ்சின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிப்களில், அப்போது உலக அளவில் சுமார் 40 சதவீதம் ரெனேசாஸ் கையில். எஞ்சினுக்கென்று சோதித்துத் தேர்ந்த சிப்பை எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் இன்னொன்றை மாட்ட முடியாது. அதனால் கார் கம்பெனிகளே ஆட்களை அனுப்பின. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை உள்ளே வேலை செய்தார்கள். ஜூலை என்று சொல்லியிருந்த தொடக்கம் ஜூன் 1-க்கு வந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பேன்.

கே: ஜூன் 1-லேயே சிப் கிடைத்ததா அண்ணா?

ப: எங்கே தம்பி! வேஃபர் உள்ளே போய் சிப்பாக வெளியே வர இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். "உற்பத்தி தொடக்கம்" என்ற செய்தியைப் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதுவரை கையிருப்பையும் மற்ற ஆலைகளையும் வைத்து ஓட்டவேண்டியதுதான்.

கே: பாடம் படித்தார்களா?

ப: படித்தார்கள். 2016 ஏப்ரல் குமமோட்டோ நிலநடுக்கத்தில் ரெனேசாஸின் கவாஷிரி ஆலை நின்றது. ஒரு வாரத்தில் பகுதி உற்பத்தி தொடங்கிவிட்டது. ஆனால் நாகாவையே 2021 மார்ச்சில் தீ நிறுத்தியது. முலாம் பூசும் கருவி ஒன்றில் மின்னோட்டம் எகிறியதாம். நிலநடுக்கத்தை மட்டும் நினைத்துத் திட்டம் போட்டால் இப்படித்தான்.

கே: தைவானில் நிலநடுக்கம் வந்தபோது டிஎஸ்எம்சி என்ற சிப் நிறுவனம் சில மணி நேரத்தில் மீண்டதே?

ப: 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்துக்குப் பிறகு 10 மணி நேரத்துக்குள் கருவிகளில் 70 சதவீதத்துக்கு மேல் மீண்டதாக அறிவித்தார்கள். நல்ல தயாரிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நிலநடுக்க மையம் கிழக்கே ஹுவாலியன் அருகில். அவர்களின் பெரிய ஆலைகள் மேற்குப் பக்கம். நாகாவோடு நேராக ஒப்பிடாதீர்கள்.